வேல்ஸின் கையெழுத்து மெட்டுப் புத்தகங்கள்: யார் எழுதினார்கள், எதற்காக, எப்படிப் படிப்பது?

கேள்வி: "ஆலயத்தில் பாடும்போது ஹைஃப்ரிடோல், லான்வைர், அபெரிஸ்ட்வித் என்று மெட்டுகளின் பெயர்களைப் பார்க்கிறோம். இவை வேல்ஸ் நாட்டு மெட்டுகள், அச்சாவதற்கு முன் கையெழுத்து நோட்டுகளில்தான் இருந்தன என்று ஒருவர் சொன்னார். உண்மையா? அந்த நோட்டுகளில் என்ன இருக்கும்? யார் எழுதியவை? இன்று பார்க்க முடியுமா?"

சொன்னவர் பாதி சரி. அபெரிஸ்ட்வித்தை முதலில் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அது ஜோசப் பாரி இயற்றியது. மெர்தர் டிட்விலில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு பென்சில்வேனியாவின் இரும்பாலை ஊரான டான்வில்லுக்குப் போய், பிறகு திரும்பி வந்து அபெரிஸ்ட்வித் கல்லூரியில் இசைப் பேராசிரியர் ஆனவர் அவர். 1879-இல் அந்த மெட்டு அச்சில் வந்தது. முறையாகப் படித்த ஒருவர் எழுதி, நேராக அச்சுக்குப் போன மெட்டு. ஹைஃப்ரிடோல் கொஞ்சம் வேறு. பாலா ஊர்க்காரரான ரோலண்ட் ப்ரிச்சர்ட் தம் இருபது வயதையொட்டி, 1830 வாக்கில் அமைத்தது. அவருடைய சிறு தொகுப்பில் அச்சானது 1844-இல். அவர் இசையால் பிழைத்தவர் அல்ல. கடைசிக் காலத்தில் ஹோலிவெல் ஊரின் கம்பளித் துணி ஆலையில் தறிப் பக்கத்து உதவியாளராக இருந்தார்.

கையெழுத்து நோட்டுக்குச் சரியான உதாரணம் லான்வைர்தான். உயிர்த்தெழுந்த திருநாளிலும் பரமேறிய திருநாளிலும் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் அல்லேலூயா சேர்த்துப் பாடுவோமே, அந்த மெட்டு. ஆங்கில்சி தீவில் லான்வெகல் என்ற ஊரில் ராபர்ட் வில்லியம்ஸ் என்று ஒருவர் இருந்தார். கண் பார்வை இல்லாதவர், கூடை முடைவது தொழில். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டாலே அப்படியே பிடித்துக்கொள்வார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவருடைய நோட்டில் 1817 ஜூலை 14 என்ற தேதியோடு இந்த மெட்டு இருக்கிறது. ஆனால் அங்கே அதன் பெயர் லான்வைர் அல்ல, பெத்தேல். இருபது வருடம் கழித்து, 1837-இல் ஜான் பாரி வெளியிட்ட தொகுப்பில்தான் அது அச்சேறியது. நான்கு குரலுக்கு அமைத்துக் கொடுத்தவர் ஹென்லான் ஊர் ஜான் ராபர்ட்ஸ். ஆக, இன்று நாம் பாடுவதில் மெட்டு ஒருவருடையது, சுரச்சேர்க்கை இன்னொருவருடையது, பெயர் பின்னால் வந்தது. இந்த நோட்டுகளை எடுத்துப் பார்க்கிற எவருக்கும் முதலில் தெரிய வேண்டியது இது. "மூலப் பிரதி" என்று ஒன்றைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அச்சு இருந்த காலத்தில் ஏன் கையால் எழுதினார்கள் என்று கேட்கலாம். வெல்ஷ் மொழியில் இசைக் குறியீடு முதன்முதலில் அச்சானது 1621-இல், வேதாகமத்தின் சங்கீதங்களை எட்மண்ட் ப்ரீஸ் செய்யுளாக்கிய புத்தகத்தில். அதில் இருந்தவை பன்னிரண்டே மெட்டுகள், அவையும் ஒற்றை வரி மெட்டாக. அதற்குப் பிறகு 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை வெல்ஷில் அச்சான இசை மிகச் சொற்பம். இசைக்கு வார்க்கும் எழுத்துருக்கள் தனி, கோக்கும் ஆளும் தனி. சின்ன ஊர் அச்சகத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஞானப்பாட்டுப் புத்தகங்கள் ஏராளமாக அச்சாயின, ஆனால் சொற்கள் மட்டும்.

இந்த நிலையில்தான் 1730-களில் தொடங்கி மெத்தடிஸ்ட் எழுப்புதல் என்ற பக்தி இயக்கம் வருகிறது. ஹவல் ஹாரிஸும் டேனியல் ரோலண்டும் பிரசங்கிக்கிறார்கள், பாண்ட்டகெலின் வில்லியம் வில்லியம்ஸ் பாட்டு எழுதுகிறார். இவருடைய முதல் தொகுப்பு 1744-இல் வந்தது. பழைய சங்கீத யாப்போடு நிற்காமல் புதுப்புது அடி அளவுகளில் எழுதினார். ப்ரீஸின் பன்னிரண்டு மெட்டுகள் இதற்கு எப்படிப் போதும்? எங்கே கிடைத்ததோ அங்கிருந்து எடுத்தார்கள். ஆங்கிலச் சபைகளின் மெட்டு, சந்தையில் பாடிய கதைப்பாட்டு மெட்டு, யாழ்க்காரன் வாசித்தது, எல்லாம் உள்ளே வந்தது. காதல் பாட்டின் மெட்டில் சிலுவையைப் பாடுவதா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். சபை அதைப் பொருட்படுத்தவில்லை.

அப்படிச் சேர்ந்த மெட்டுகளை நினைவில் வைக்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் நோட்டு. வைத்திருந்தவர் பெரும்பாலும் சபையில் பாட்டெடுத்துக் கொடுப்பவர், அல்லது ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பள்ளி நடத்தியவர். குளிர்கால மாலைகளில் ஒரு கொட்டகையிலோ ஆலயத்திலோ பத்து இருபது பேரைக் கூட்டி வைத்து, சுரம் பிடிக்கவும் தாளம் எண்ணவும் சொல்லிக் கொடுப்பார். மாணவர்கள் அவர் நோட்டைப் பார்த்துத் தாங்களும் எழுதிக்கொள்வார்கள். அவர்கள் நோட்டிலிருந்து இன்னொருவர் எழுதுவார். இவர்களில் விவசாயிகள், தையற்காரர்கள், நெசவாளர்கள், கல் உடைப்பவர்கள் எல்லோரும் உண்டு. "ப்ரின் கல்வாரியா" மெட்டை அமைத்த வில்லியம் ஓவன் வட வேல்ஸின் சிலேட்டுக் கல் சுரங்கத்தில் வேலை செய்தவர். மான்ட்கோமரிஷயரில் மில்ஸ் என்ற ஒரே குடும்பம் இரண்டு மூன்று தலைமுறைக்கு இந்தப் பாட்டுக் கற்பிக்கும் வேலையைச் செய்தது. அதில் ஜான் மில்ஸ் 1838-இல் வெல்ஷிலேயே ஓர் இசை இலக்கணம் எழுதினார்.

நோட்டு எப்படி இருக்கும்? பல நோட்டுகள் நீளவாட்டில், கையடக்கமாக இருக்கும். ஐந்து கோடுகளையும் ஒரே இழுப்பில் போட ஐந்து முனை கொண்ட ஒரு பேனா உண்டு. சிலர் அதை வைத்திருந்தார்கள், சிலர் அளவுகோலை வைத்துக் கோடு கோடாகப் போட்டிருக்கிறார்கள். பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் பக்கத்தில் "இது இன்னாருடைய புத்தகம்" என்று பெயர், ஊர், ஆண்டு; சில சமயம் திருடுபவனுக்கு ஒரு சாபம். அடுத்து சில பக்கங்கள் பாலபாடம்: சுரங்களின் பெயர், கால அளவு, குறியீடுகளின் விளக்கம். பிறகு மெட்டுகள் வரிசையாக. கடைசிப் பகுதியில் நீளமான கீதங்கள், பாடகர் குழு மட்டும் பாடக்கூடியவை. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து பார்த்தால் கணக்கு வழக்கு, மருந்துக் குறிப்பு, வேறு ஏதாவது இருக்கும். காகிதத்துக்கு விலை இருந்த காலம் அது.

தேதி இல்லாத நோட்டுக்குக் காகிதமே ஓரளவு சாட்சி சொல்லும். 1794-இல் பிரிட்டனில் வந்த ஒரு சட்டப்படி, காகிதத்தை ஏற்றுமதி செய்யும்போது வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால் நீர்க்குறியில் ஆண்டு இருக்க வேண்டும். அதனால் அந்தக் காலத்துக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பல தாள்களில் ஆண்டு தெரியும். எழுதியது அந்த ஆண்டில் என்று அர்த்தமில்லை, அதற்கு முன்னால் இல்லை என்பது மட்டும் உறுதி.

இப்போது படிக்கும் விஷயம். மேற்கத்திய இசைக் குறியீடு தெரிந்தவர்கள்கூட இந்த நோட்டுகளில் முதலில் தடுமாறுவார்கள். காரணம், மெட்டு இன்றைக்கு இருப்பதுபோல மேல் வரியில் இருக்காது. பெரும்பாலும் டெனர் வரியில், அதாவது ஆண்களின் மேல் குரலில் இருக்கும். பல நோட்டுகளில் அது பேஸுக்கு, அதாவது ஆண்களின் கீழ்க் குரலுக்கு, நேர் மேலே உள்ள வரி. பெண்கள் பாடிய மேல் வரி, மெட்டைச் சுற்றி ஓடும் துணைக் குரல்தான். இது தெரியாமல் மேல் வரியை வாசித்துவிட்டு "இப்படி ஒரு மெட்டே எங்கும் இல்லையே, புதிய கண்டுபிடிப்பு" என்று துள்ளுவது சுலபம். அப்புறம் தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகள். எம்.சி. என்றால் பொது யாப்பு, 8.6.8.6; எண்கள் ஒவ்வொரு அடியிலும் உள்ள அசைகளின் கணக்கு. எம்.ஹெச். நெடும் யாப்பு, நான்கு அடியும் எட்டெட்டு அசை. எம்.பி. குறும் யாப்பு, 6.6.8.6. எம்.எஸ். என்றிருந்தால் சங்கீத யாப்பு, ப்ரீஸ் பயன்படுத்திய அதே 8.7.8.7. நம் பாமாலையில் பாட்டின் தலையில் எண்கள் போட்டிருப்பார்களே, அதே வேலைதான். அளவு ஒத்துப்போனால் எந்தப் பாட்டையும் எந்த மெட்டிலும் பாடலாம். அதனால் பல நோட்டுகளில் சொற்களே இருக்காது, இருந்தால் முதல் கண்ணி மட்டும். சொற்கள் சபைக்கு மனப்பாடம்.

பெயர்களை நம்ப வேண்டாம். ஒரே மெட்டு ஒரு நோட்டில் ஒரு ஊரின் பெயரிலும் அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு வேதாகமப் பெயரிலும் இருக்கும். பெத்தேல் லான்வைர் ஆனது அப்படித்தான். ஊர், பண்ணை, ஆலயம் இவற்றின் பெயரை மெட்டுக்கு வைப்பது வேல்ஸ் வழக்கம். க்ரிகபார், பிளைன்வெர்ன், கும் ரோண்டா எல்லாம் அந்த வகை. இன்னொரு பக்கம், ஒரே பெயரில் சம்பந்தமே இல்லாத இரண்டு மெட்டுகளும் உண்டு.

இரண்டு நோட்டுகளில் ஒரே மெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மையான சுவாரஸ்யம். ஒன்றில் நேராக இறங்கும் இடத்தில் இன்னொன்றில் இரண்டு சின்னச் சுரங்கள் சேர்ந்திருக்கும். ஒன்றில் கடைசி அடி ஒரு முறை, இன்னொன்றில் மூன்று முறை, ஒவ்வொரு குரலாக உள்ளே நுழைந்து துரத்திக்கொண்டு பாடுவதாக. இசை படித்த பழைய பதிப்பாசிரியர்கள் இவற்றைப் "பிழை" என்று திருத்தினார்கள். எனக்கு அது தவறாகவே படுகிறது. அந்த ஊர்ச் சபை அப்படித்தான் பாடியது. எழுதியவர் காதில் கேட்டதை எழுதினார். அச்சுப் புத்தகம் இப்படிப் பாடுங்கள் என்று சொல்கிறது, நோட்டு இப்படிப் பாடினோம் என்கிறது. இரண்டும் முரண்படும்போது நான் நோட்டின் பக்கம்.

காதிலிருந்து காகிதத்துக்குப் போகும் வழி எவ்வளவு மெலிதானது என்பதற்கு ஆன் க்ரிஃபித்ஸின் கதை போதும். அவர் மெட்டுக்காரர் அல்ல, பாட்டு எழுதியவர். மான்ட்கோமரிஷயரில் டோல்வார் வாக் என்ற பண்ணை வீட்டுப் பெண். 1805-இல், பிள்ளை பெற்ற சில வாரங்களில், 29 வயதில் இறந்துபோனார். வெல்ஷ் ஞானப்பாட்டுகளில் அவருடையதைப் போல் ஆழமானவை குறைவு. ஆனால் அவர் கையெழுத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கடிதமும் அதன் முடிவில் ஒரே ஒரு கண்ணியும்தான். மற்றவை எல்லாம் அந்த வீட்டில் வேலை செய்த ரூத் என்ற பெண்ணின் நினைவில் இருந்தன. ரூத்துக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, அவரைக் கல்யாணம் செய்துகொண்ட ஜான் ஹியூஸ் நோட்டில் எழுதினார். அடுத்த வருடமே, 1806-இல், பாட்டுகள் அச்சில் வந்தன. ஜான் ஹியூஸின் நோட்டுகள் இப்போது வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. மெட்டுகள் விஷயத்திலும் இதே நிலைதான். ஒவ்வொரு நோட்டுக்கும் பின்னால் பெயர் பதியாத ஒரு பாடகரோ பாடகியோ இருந்திருப்பார்.

சேகரிக்க வேண்டும் என்றே எழுதியவர்களும் உண்டு. அவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜான் ஜென்கின்ஸ். வேல்ஸில் இவோர் கெரி என்ற புனைபெயரில்தான் அவரைத் தெரியும். கெரி என்ற ஊரில் ஆங்கிலிக்கன் குரு, 1829-இல் இறந்தார். மக்கள் வாயிலிருந்து நூற்றுக்கணக்கில் மெட்டுகளைக் கேட்டு, முதல் கண்ணியோடு எழுதி வைத்தார். நாட்டுப் பாட்டும் கிறிஸ்துமஸ் பாட்டும் கலந்தே இருக்கும். பக்திப் பாட்டு, உலகப் பாட்டு என்று நாம் போடும் கோடு அவர் நோட்டில் அடிக்கடி அழிந்துவிடுகிறது. அதே மெட்டு ஒரு பக்கம் காதலிக்கு, மறுபக்கம் கர்த்தருக்கு. பிற்பாடு, 1906-இல் வெல்ஷ் நாட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கியபோது அதன் இதழை நடத்திய ஜே. லாய்ட் வில்லியம்ஸ் இப்படிப்பட்ட பழைய நோட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். தொழிலில் அவர் ஒரு தாவரவியலாளர். செடிகளை வகைப்படுத்திய அதே பொறுமையோடு மெட்டுகளின் மாற்று வடிவங்களையும் வரிசைப்படுத்தினார். அவருடைய காகிதங்களும் தேசிய நூலகத்தில்தான்.

நோட்டுகளின் காலம் எப்போது முடிந்தது? ஒரு தேதி சொல்லச் சொன்னால் 1859. அந்த ஆண்டு அபெர்டேரில் இருந்த ஜான் ராபர்ட்ஸ் சபை மெட்டுகளின் பெரிய தொகுப்பொன்றை வெளியிட்டார். ஹென்லான் ஜான் ராபர்ட்ஸ் இல்லை, இவர் வேறு. இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் வேல்ஸில் ஆளாளுக்குப் புனைபெயர். இவரை இயேயன் க்வில்ட் என்பார்கள். ஜெர்மன் சபைப் பாட்டுகளான கோரல்களின் நிதானமும் எளிமையும் அவருக்கு உயர்ந்தவை. குரல்கள் துரத்திப் பாடும் மெட்டு, அலங்காரச் சுரம், மறுபடி மறுபடி வரும் கடைசி அடி எதுவும் அவருக்குப் பிடிக்காது. பல சபைகள் கூடி ஒரே தொகுப்பிலிருந்து நான்கு குரலில் பாடும் கமான்வா என்ற பாட்டு விழாவையும் அவர் வேரூன்றச் செய்தார். ஆயிரம் பேர் ஒன்றாகப் பாட வேண்டுமானால் ஆயிரம் பேரிடமும் ஒரே சுரம் இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு விதம் என்பது அங்கே உதவாது. வேல்ஸின் புகழ்பெற்ற அந்தக் கூட்டுப் பாட்டு ஒலி இப்படித்தான் உருவானது. அதைக் கேட்டு உருகாதவர் இல்லை, நானும் விதிவிலக்கல்ல. ஆனால் அதற்குக் கொடுத்த விலை, ஊருக்கு ஊர் இருந்த அந்த மெட்டு வேறுபாடுகள்.

கூடவே டானிக் சால்ஃபா என்ற எழுத்துவழி இசைக் குறியீடு வந்தது. ஐந்து கோடும் வேண்டாம், சிறப்பு எழுத்துருவும் வேண்டாம். டோ, ரே, மி ஆகியவற்றின் முதல் எழுத்தும் முக்காற்புள்ளியும் போதும். சாதாரண அச்சகமே இசையை அச்சிட்டுவிடலாம். இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய இந்த முறையை வெல்ஷுக்குக் கொண்டுவந்தவர் லிவர்பூலில் வாழ்ந்த எலியேசர் ராபர்ட்ஸ். சுரங்கத் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் சில மாதங்களில் நான்கு குரல் பாட்டைப் பார்த்துப் பாடினார்கள். கையால் எழுதுவதும் நின்றுவிடவில்லை, சால்ஃபாவில் எழுதினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரும் நோட்டுகளில் கோடே இருக்காது, எழுத்துகள்தான். நம் ஊர் ஆட்களுக்கு ஒருவேளை இவைதான் படிக்க எளிது.

இந்தியத் தொடர்பு கேட்டால் அதுவும் இங்கேதான். 1841-இல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வெல்ஷ் மிஷனரி செராபுஞ்சிக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் காசி மலைகளுக்கும் பின்னர் மிசோ மலைகளுக்கும் வெல்ஷ் மெட்டுகளைக் கொண்டுபோனார்கள். மிசோ சபைகள் இன்றும் சால்ஃபா போட்ட ஞானப்பாட்டுப் புத்தகத்தை வைத்துப் பாடுகின்றன.

கையெழுத்து நோட்டு உயிரோடு இருக்கும் ஒரு இடத்தையும் சொல்ல வேண்டும்: பிளகைன். மான்ட்கோமரிஷயரிலும் அதைச் சுற்றியும் கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் பாட்டு ஆராதனை. முன்பு விடியற்காலையில் நடந்தது, இப்போது பெரும்பாலும் மாலையில். சிறு ஆராதனை முடிந்ததும் குருவோ போதகரோ உட்கார்ந்துவிடுவார். யாரும் யாரையும் அழைப்பதில்லை. இரண்டு பேர், மூன்று பேர், ஒரு குடும்பம் என்று தாங்களாக எழுந்து முன்னே வந்து, வாத்தியம் இல்லாமல் ஒரு நீண்ட பாட்டைப் பாடிவிட்டுத் திரும்புவார்கள். ஒருவர் பாடியதை அன்று இன்னொருவர் பாடக் கூடாது. இந்தப் பாட்டுகளைப் பல குடும்பங்கள் தங்கள் நோட்டில் எழுதித் தலைமுறையாகக் கைமாற்றி வந்திருக்கின்றன. கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகம் இந்தப் பாடல்களை ஒலிப்பதிவும் செய்து வைத்திருக்கிறது. நோட்டைப் பார்த்துக்கொண்டே குரலையும் கேட்க வாய்ப்புள்ள இடம் அது.

இரண்டு விஷயத்தில் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேல்ஸின் பழைய இசைக் கையெழுத்துப் படி என்றாலே ராபர்ட் அப் ஹியூவின் ஏட்டைச் சொல்வார்கள். 1613 வாக்கில் எழுதியது, பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அது யாழ் இசைக்கானது, சபைப் பாட்டுக்கு அல்ல. திருச்சபை இசையில் உண்மையிலேயே பழையது வேண்டுமானால் பென்பான்ட் ஆன்டிஃபனல். 14-ஆம் நூற்றாண்டு லத்தீன் ஏடு; புனித தாவீதின் திருநாள் வழிபாடு இசையோடு அதில் இருக்கிறது. சீர்திருத்த காலத்தில் இவ்வகை ஏடுகள் பெரும்பாலும் அழிந்துபோனதால் இது தப்பியதே பெரிய காரியம். இன்னொன்று, "போத்தல் மெட்டு". கடலில் மிதந்து வந்த போத்தலுக்குள் ஒரு கையெழுத்துத் தாள் கிடைத்தது, அதில் இருந்த மெட்டுதான் எபனேசர் என்று ஒரு கதை சுற்றுகிறது. அழகான கதை, ஆனால் கதை மட்டுமே. அதை அமைத்தவர் தாமஸ் ஜான் வில்லியம்ஸ். 1944 வரை உயிரோடு இருந்தார்.

சரி, எங்கே பார்ப்பது? அபெரிஸ்ட்வித் ஊருக்கு மேல் மலைச்சரிவில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகத்தில்தான் பெரும்பகுதி. 1907-இல் தொடங்கிய நிறுவனம், வெல்ஷ் இசைக்கென்று தனி ஆவணப் பிரிவே உண்டு. அடுத்தது பாங்கோர் பல்கலைக்கழக ஆவணக் காப்பகம். அட்டவணையை இணையத்தில் தேடலாம், சில ஏடுகளைப் படமாகவும் பார்க்கலாம். தேடும்போது மெட்டின் பெயரைவிட ஊரின் பெயரையும் "மெட்டுப் புத்தகம்" என்பதற்கான வெல்ஷ் சொல்லான லிவர் தோனாய் என்பதையும் போட்டால் அதிகம் கிடைக்கும்.

நோட்டில் ஒரு மெட்டைக் கண்டுபிடித்து, இது வேறெங்காவது இருக்கிறதா என்று பார்க்க நினைத்தால், நிக்கலஸ் டெம்பர்லி உருவாக்கிய ஹிம் ட்யூன் இண்டெக்ஸ் இணையத்தில் இலவசம். 1820 வரை ஆங்கில ஞானப்பாட்டுகளோடு அச்சான மெட்டுகள் அதில் அடங்கும். சுரங்களை 1 முதல் 7 வரை எண்ணாக்கிப் போட வேண்டும்; ஆதார சட்ஜம் 1. டெனர் வரியை எடுங்கள், அலங்காரச் சுரங்களைத் தள்ளிவிட்டு முதல் அடியை மட்டும் போடுங்கள். பொருந்தினால் அந்த மெட்டு இங்கிலாந்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். பொருந்தாவிட்டால் உடனே "வெல்ஷ் மெட்டு" என்று முடிவு கட்டாமல், 1820-க்குப் பின் வந்த வெல்ஷ் தொகுப்புகளையும் இவோர் கெரியின் நோட்டுகளையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள்.